வாழ்த்து மடலில் ஒரு திருத்தம்

வாழ்த்து மடல் எழுதுவதில் எனக்கு மதுரைத் திருநகர் வட்டாரத்தில் ஒரு பேர் இருந்தது. வங்கியில் குமாஸ்தா வேலை. பகலெல்லாம் பேரேட்டில் எழுதிய கைக்குச் சாயங்காலம் ஒரு விடுதலை வேண்டியிருந்தது. எங்கள் பகுதி நற்பணி மன்றம் வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு உழைத்தவர்களைக் கூப்பிட்டு மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தும். அதற்கு முன்னால் அவரவரைப் பற்றிய மடலை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். தடித்த அட்டையில் கறுப்பு மையால் எழுதி, ஓரத்தில் மாங்காயும் கொடியும் வரைந்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுப்போம். எழுதுவதும் நான்தான், படிப்பதும் நான்தான்.

ரேஷன் கடையில் வரிசையை ஒழுங்கு பண்ணியவரைக்கூட 'வரிசை காத்த வள்ளலே' என்று எழுதிக் கைதட்டல் வாங்கியவன் நான். எழுபதுகளில் மேடைத் தமிழ் அப்படித்தான் இருந்தது. ஆனால் வெறும் புகழ்ச்சி போதாது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு மடலிலும் ஓர் இடத்தில் கூட்டம் கண்ணைத் துடைக்க வேண்டும். அதை 'அழுகை வரி' என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். அந்த வரி கிடைக்கிறவரை சாப்பாடு இறங்காது. இன்று இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு டீச்சர் இருந்தார். நாற்பதை நெருங்கும் வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாய் தகப்பன் போன பிறகு ஒரே தம்பியை அவர்தான் வளர்த்தார். அந்தத் தம்பி பி.யூ.சி. பரீட்சையில் தோற்று வீட்டை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. நான் திருநகருக்குக் குடிவந்தது அதற்கப்புறம்தான், அவனைப் பார்த்ததில்லை. பம்பாயில் ஏதோ ஓட்டலில் வேலை பார்க்கிறான் என்று டீச்சர் நம்பினார். ஒரு ஜோசியர் வடக்கே இருக்கிறான், சுகமாக இருக்கிறான் என்று சொல்லியிருந்தார். போலீசில் எழுதிக்கொடுக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன்.

"எழுதிக் குடுத்தா காணாமப் போனவன்னு ஆயிரும் தம்பி. அவன் போயிருக்கான், அம்புட்டுத்தான். வந்துருவான்" என்றார்.

பம்பாயில் இருக்கும் மதுரைக்காரர்களின் விலாசங்களை எங்கிருந்தெல்லாமோ பிடித்துக்கொண்டு வருவார். அவர்களுக்கு விசாரித்துக் கடிதம் எழுதித் தருவது என் வேலை. என் கையெழுத்தைப் பார்த்தால் பதில் போடாமல் இருக்க மனசு வராது என்பது அவர் கணக்கு. பதில் ஒன்றும் வரவில்லை. தபால்காரர் எங்கள் பக்கம் வரும் நேரத்துக்கு அவர் பள்ளிக்கூடத்தில் இருப்பார். சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாகக் கதவிடுக்கில் பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் மன்றத்தில் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தோம். ஏழை வீடுகளுக்கு நடந்தே போய்ப் பிரசவம் பார்த்த ஒரு நர்ஸம்மா, கண்மாய் வாய்க்காலை ஆள் திரட்டித் தூர்வாரிய ஒரு விவசாயி, மூன்றாவதாக ஒரு சைக்கிள் கடைக்காரர். கடை பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. பிறந்த ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம். சொந்தமாக ஒரு குழி நிலமில்லாத கூலிக் குடும்பத்திலிருந்து வந்து பஞ்சர் ஒட்டிப் பிழைத்தவர். ஆஸ்பத்திரிப் பிணவறையில் கேட்பாரற்றுக் கிடக்கும் உடல்களைப் போலீசிடம் சீட்டு வாங்கி எடுத்துவந்து, குளிப்பாட்டிக் கோடித்துணி போர்த்திப் புதைப்பதைப் பத்துப் பன்னிரண்டு வருஷமாகச் செய்துவந்தார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை.

மடலுக்கு விவரம் சேகரிக்க அவர் கடைக்குப் போனேன். ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே பேசினார். முதலில் ஒன்றும் பிடிகொடுக்கவில்லை. நானும் விடாமல், மறக்க முடியாதது ஏதாவது சொல்லுங்கண்ணே என்று நச்சரித்தேன்.

"எல்லாமே ஞாபகம் இருக்கு சார். அதுதான் தொந்தரவு" என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "நாலு வருசம் இருக்கும். ஆடி பொறந்து மூணாம் நாளு. ஒரு சின்னப் பய. எங்க ஊர்ப் பக்கம் திருச்சி ரோட்டுல லாரி அடிச்சுப் போட்டுட்டுப் போயிருச்சு. மூஞ்சி அடையாளம் தெரியல. நீலச் சட்டை. பை மட்டும் பூப்போட்ட துணியில தச்சிருந்துச்சு. ஆம்பளைச் சட்டைக்கு யாரு சார் பூப்போட்ட துணியில பை வச்சுத் தைப்பா? வீட்டுல ஒரு பொம்பள, கையில கெடச்சத வச்சுத் தச்சிருக்கணும். அம்புட்டு நெருக்கமான தையல். தூக்கிப்போட மனசு வரல. மடிச்சுத் தலைமாட்டுல வச்சு மூடுனேன்."

எனக்குப் புல்லரித்தது. துக்கத்தால் இல்லை. அந்த வருஷத்து அழுகை வரி கிடைத்துவிட்டது.

அவர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "இது மேடையில வேணாம் சார்" என்றார். "நான் இதெல்லாம் தேடி வந்து கேக்குறவுகளுக்கு மட்டுந்தான் சொல்றது. தேடி வாரவுக எதுக்கும் துணிஞ்சு வருவாக. சும்மா உக்காந்திருக்கவுக காதுல போய் விழுகக் கூடாது."

சரிண்ணே என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்ததும் அந்தச் சரி எங்கே போயிற்றோ தெரியாது. பேரா ஊரா, ஒரு சட்டைப்பைதானே, இதில் யாருக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். மூன்று தாள் கிழித்துப் போட்ட பிறகு அந்த வரி அமைந்தது. 'ஆடி மூன்றாம் நாள், நீலச் சட்டையில் பூப்போட்ட பை தாங்கிக் கிடந்தான் ஓர் இளைஞன். பாசத்தால் அந்தப் பையைத் தைத்த கையே, நீ எங்கிருக்கிறாய்? உனக்குப் பதிலாக அவனுக்கு மண் தள்ளியது இந்தக் கை!' என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் கண் கலங்கியது. எனக்கு ஏக திருப்தி.

விழா பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. வெயில் தாழ்ந்து இன்னும் வெளிச்சம் இருந்தது. கடவுள் வாழ்த்துப் பாட மாணவிகளைப் பழக்கி அழைத்து வந்தவர் அந்த டீச்சர்தான், அதனால் முன்வரிசையில் பெண்கள் பக்கம் அவருக்கு இடம். நர்ஸம்மாவுக்கும் விவசாயிக்கும் பொன்னாடை போர்த்தி முடிந்து, சைக்கிள் கடைக்காரர் மேடைக்கு வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முன்னால் கோத்துக்கொண்டு நின்றார்.

நான் படித்தேன். அந்த இடம் வந்ததும் வழக்கம்போலக் குரலை இறக்கி, ஒரு நிறுத்தம் கொடுத்து, கூட்டத்தைப் பார்த்தேன். பெண்கள் வரிசையில் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. ஆண்களில்கூட இரண்டொருவர் மூக்கை உறிஞ்சினார்கள். டீச்சர் மட்டும் அழவில்லை. தன் வலது கையை மடியில் விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அம்மாவுக்கு மட்டும் ஏன் மனசு இளகவில்லை என்று எனக்குள் ஒரு சின்னக் கோபம்கூட வந்தது. அந்தக் கோபத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சைக்கிள் கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்ல வேண்டாம் என்றேனே என்று அந்தப் பார்வையில் இருந்தது. கைதட்டலுக்கு நடுவே தலைவர் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். அவர் படியிறங்கியபோது டீச்சர் எழுந்து போய் அவருக்கு முன்னால் நின்றார். நான் மடலைச் சட்டத்தோடு கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன்.

"பூ என்ன நெறம்ண்ணே?" என்று டீச்சர் கேட்டார். பாராட்ட வந்தவர் போலத்தான் குரல் இருந்தது.

அவர் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"நீங்க உக்காருங்கம்மா."

"இல்ல, சொல்லுங்க. வெள்ளையில மஞ்சப் பூவா?"

"ஆமாம்மா. சின்னச் சின்னப் பூவு."

டீச்சர் தலையை ஆட்டினார். பிறகு மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மாணவிகள் டீச்சருக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த கண்ணாடிச் சட்டத்தை எங்கே ஒளிப்பது என்றுதான் முதலில் யோசித்தேன். ஒலிபெருக்கியில் தலைவர் நன்றியுரைக்கு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் சைக்கிள் கடைக்காரர் எங்களை ஆற்றங்கரை மயானத்துக்கு அழைத்துப் போனார். நானும் வருகிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஒரு வேப்பமரத்திலிருந்து அடி அளந்து நடந்து, கருவேல முள்ளை ஒதுக்கி, இந்த இடம் என்று காட்டினார். மேடு கிடையாது, கல் கிடையாது. அதே இடத்தில் பிறகு வேறு ஆட்களும் புதைக்கப்பட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது, கேட்கத் தைரியம் வரவில்லை. டீச்சர் மண்ணைத் தொடவில்லை. வெகுநேரம் நின்றுவிட்டு, ஸ்கூலுக்கு நேரமாச்சு என்றார்.

சைக்கிள் கடைக்காரர்தான் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டார். "நான் வாயத் தொறந்திருக்கக் கூடாதும்மா" என்றார். பேசியவன் நான். மன்னிப்பை அவர் கேட்டார். நான் பக்கத்தில் நின்று செருப்பில் ஒட்டிய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் அந்த வாழ்த்து மடல். சைக்கிள் கடைக்காரர் அதை அவரிடமே கொடுத்துவிட்டாராம். அந்தப் பையன் செத்ததற்கு வேறு காகிதம் எதுவும் டீச்சரிடம் இல்லை. சட்டத்தைக் கழற்றி அட்டையை மட்டும் கொண்டு வந்திருந்தார்.

"இதுல ஒரு இடம் தப்பா இருக்கு சார். திருத்தித் தரணும்" என்றார். அதுவரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

விரலை வைத்துக் காட்டினார். 'பாசத்தால்' என்ற சொல்.

"பெயிலாயிட்டான்னு தெரிஞ்ச அன்னைக்கு அவன் சட்டையப் பிடிச்சு உலுக்குனேன். பை கையோட வந்துருச்சு. மறுநா என் ஜாக்கெட்டுத் துணியில மிச்சம் இருந்தத எடுத்துத் தச்சேன். வேற நீலத்துணி பெட்டியில இருந்துச்சு சார். வேணுமின்னுதான் பூத்துணிய எடுத்தேன். இதப் போட்டுக்கிட்டுத் தெருவுல போ, நாலு பேரு சிரிச்சாத்தான் உனக்குப் புத்தி வருமின்னு அவன் மேல எறிஞ்சேன். ஒண்ணும் பேசாம மாட்டிக்கிட்டுப் போனான்."

என் மனைவி அடுக்களையிலிருந்து வந்து அப்படியே நின்றுவிட்டாள். எனக்கு ஏதாவது ஆறுதல் சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

"அதுவும் பாசந்தானே டீச்சர்" என்றேன்.

"நீங்க எழுதுறவுக. எதையும் எதுவாவும் ஆக்கிருவீக. எனக்கு நடந்தது நடந்தபடி இருக்கணும். கோபத்தால்னு போடுங்க."

பிளேடை எடுத்து அந்தச் சொல்லைச் சுரண்டினேன். அட்டையில் பொடி பறந்தது. பேனாவை மையில் தொட்டேன். அவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு, மை காயட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு போய்விட்டார்.

என் கையில் ஓர் எழுத்தாவது கோணியிருக்கக் கூடாதா? முன்னும் பின்னும் உள்ள சொற்களுக்கு அளவு பிசகாமல், சுழியெல்லாம் வழக்கம்போல் வளைத்து, அந்தச் சொல்லையும் நான் அழகாகத்தான் எழுதியிருந்தேன்.