லின் ஆன்ட்டியின் பகல் கட்டில்

போன சனிக்கிழமை இங்கே டெக்ஸாஸில், பிளானோவில் கறிவேப்பிலை வாங்கப் போனவள், பக்கத்துக் கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். பழைய மரச்சாமான்கள் விற்கிற கடை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சீனக் கட்டில். முதுகுப் பக்கமும் இரண்டு ஓரமும் தாழ்வான மரச்சட்டம், முன்பக்கம் திறப்பு, நடுவில் ஒரு குட்டி மேசை. அதன்மேல் ‘உட்காரக் கூடாது’ என்று ஓர் அட்டை. சிரிப்பு வந்தது.

முன்பு மில்பிடாஸ் ஊரில் நான் முதல் வேலை பார்த்த வருஷங்களில் பக்கத்து வீட்டு லின் ஆன்ட்டியின் ஹாலில் இப்படி ஒன்று இருந்தது. சோபாவா கட்டிலா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. காலையில் அதில் உட்கார்ந்து கீரை ஆய்வார். யாராவது வந்தால் மேசைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் இவர், நடுவில் டீ. மதியம் மேசையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு அங்கேயே ஒரு தூக்கம். துவைத்த துணி மடிப்பதும் அதில்தான். நானோ கேட்டலாகைப் பார்த்துக் குடித்தனம் நடத்துகிற ஆள். வெள்ளை சோபா வாங்கிப் போட்டு, அதில் யாரும் காபியோடு உட்காரக் கூடாதென்று சட்டம் வேறு போட்டிருந்தேன்.

எங்களோடு இருந்த என் மாமியாருக்கு அந்த சோபா பிடிக்கவே இல்லை. சம்மணம் போட்டால் வழுக்குகிறதாம். லின் ஆன்ட்டி வீட்டுக்குப் போனால் மட்டும் நேரே கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொள்வார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. மணிக்கணக்கில் என்னதான் பேசினார்களோ.

அத்தை மதுரைக்காரர். வீட்டுக்கு ஆள் வராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கோயிலில் முன்பின் தெரியாதவர்களிடம்கூட, “இந்தப் பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க” என்று சொல்லிவைப்பார். அவர்களும் வந்துவிடுவார்கள். நான் லேப்டாப்போடு திருதிருவென்று முழிப்பேன்.

அப்புறம்தான் அத்தைக்குக் கணையத்தில் கட்டி வந்தது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாடி பெட்ரூமில் ஆஸ்பத்திரிக் கட்டில் போடலாம் என்றார் நர்ஸ். என் கணவர் தலையாட்டினார். அத்தை ஆட்டவில்லை.

“மாடில போட்டா, வர்றவங்க ஒவ்வொருத்தரா ஏறி வந்து என்னையப் பாத்துட்டு எறங்குவாங்க. நான் என்ன கண்காட்சியா? என் வீட்டுக்கு வர்றவங்கள நான்தான் வாங்கன்னு சொல்லணும்.”

சூப் கொண்டுவந்த லின் ஆன்ட்டியிடம் இதைச் சொன்னேன். “பெட்ரூம் ஃபார் நைட். டேடைம், ஷீ சிட் வித் பீப்பிள்,” என்றார். அன்று மாலையே அவர் கணவரும் என் கணவரும் டிரைவ்வே வழியாக அந்தக் கட்டிலைத் தூக்கி வந்துவிட்டார்கள். என் வெள்ளை சோபா கராஜுக்குப் போனது.

மறுநாளிலிருந்து அத்தை தலை வாரி, பொட்டு வைத்து, முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து ஹால் நடுவில் உட்கார்ந்தார். துக்க முகத்தோடு வந்தவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்து, டேகேர் பிரச்சினையையும் கிரீன் கார்டு இழுபறியையும் கொட்டிவிட்டுப் போனார்கள். “காபி சாப்ட்டுப் போங்க” என்று அவர்களிடம் சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். அவரால் குடிக்க முடியாது. இருந்தாலும் அவருக்கும் ஒரு டம்ளர் வைத்தாக வேண்டும். மீட்டிங்கை மியூட் பண்ணிவிட்டு நான் காபி கலப்பேன். அலுப்பாகத்தான் இருந்தது. இப்போது அந்த அலுப்புக்கு ஏங்குகிறேன்.

ஒருநாள் காலையில், “அந்த மேசைய எடுத்துரும்மா, கால நீட்டணும்,” என்றார். எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய் அழுதேன். ஆள் வருகிற நேரம் அது; அதுவரை ஒருநாளும் அந்த நேரத்தில் அத்தை மேசையை எடுக்கச் சொன்னதே இல்லை.

அதன்பிறகு படுத்தேதான் இருந்தார். கண் பாதி மூடியிருக்கும். ஆனால் வாசல் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் போதும், வலியோடு வலியாக இரண்டு கால்களையும் மடக்கி ஒடுங்கிக்கொள்வார். வந்தவர் உட்கார வேண்டுமே. “வாங்க” என்று வாய் அசையும், சத்தம் வராது.

அத்தை போனபின் கட்டில் லின் ஆன்ட்டி வீட்டுக்கே திரும்பியது. அவர்களும் வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார்கள். நாங்கள் டெக்ஸாஸ் வந்தோம். இங்கே எங்கள் ஹாலில் ஒரு கல்யாணக் கூட்டமே உட்காரலாம். முன்கூட்டியே மெசேஜ் அனுப்பி, கேலண்டரில் போட்டுக்கொண்டுதான் யாரும் வருகிறார்கள். வந்தவர்களை நானும் நன்றாகத்தான் கவனிக்கிறேன். ஆனால் கதவுச் சத்தம் கேட்டதும் வலிக்கிற காலை மடக்கிக்கொண்டு இடம் விட, இந்த வீட்டில் ஆள் இல்லை.