கறுத்த வீராங்கனையும் கோட்டைக் காவலும்

ஆபீசில் அவளுக்கு நொட்டைக்காரி என்று பெயர். வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனியில், ஆட்டம் வெளிவருமுன் ஆடிப் பார்த்துப் பிழை பிடிப்பது அவள் வேலை. நாள் முழுக்க விளையாடுவதற்குச் சம்பளமா என்று நாத்தனார் வாயைப் பிளப்பாள். ஒரே சுவரில் ஓயாமல் போய் முட்டி, எந்த இடத்தில் முட்டினால் வீரனின் தலை சுவருக்குள் புகுந்துவிடுகிறது என்று பார்ப்பது விளையாட்டென்றால், அவள் சுகவாசிதான்.

புது ஆட்டம் ஒரு மாய உலகம். அடேயப்பா, என்ன தாராளம்! நெருப்புக் கக்கும் பறவை உண்டு, வாயடிக்கும் மரம் உண்டு, பச்சை மனிதர், நீல மனிதர், மீன் தலையோடு ஒரு மந்திரிகூட உண்டு. கறுத்த மனிதர்களுக்கும் இடம் இல்லாமல் இல்லை. கொள்ளைக்காரர்கள் பூராவும் அவர்கள்தான். இதைச் செய்தவர்கள் யாரோ வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். முதலாளி முதல் தரை துடைப்பவர் வரை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவள் நிறம்தான். முதலாளி ஒரு பிடி கூடுதல். அந்தக் காலத்துக் கோட்டையில் நம்மைப் போன்ற ஆட்கள் இருந்திருக்க மாட்டார்கள், பார்ப்பவர் நம்ப வேண்டாமா என்று கதை எழுதுகிறவர் விளக்கம் சொன்னார். மீன் தலை மந்திரியை அவர் நம்பிவிட்டார் போலிருக்கிறது.

முன்னோட்டத்தைப் பார்த்த ஜனங்கள் காறித் துப்பவே, 'எல்லோருக்கும் இடமுண்டு' என்று விளம்பரம் மாறியது. ஆடுகிறவர் தன் வீரனுக்கு எந்த நிறத்தையும் தேர்ந்தெடுக்கலாம். நொட்டைக்காரிக்கு உள்ளபடியே சந்தோஷம். அவளுடைய சின்ன மகளைப் பள்ளிக்கூடத்தில் கரிச்சட்டி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, பிள்ளை கண்ணாடி பார்ப்பதையே விட்டிருந்தது. அந்த முகத்தை அச்சு அசலாக ஒரு வீராங்கனைக்கு வைத்து, கையில் வாளும் கொடுத்து, ஆபீசில் நடக்கும் குடும்ப நாளன்று காட்டுவதாக அம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள்.

வீராங்கனை கோட்டை வாசலுக்குப் போனாள். காவலர்கள் ஈட்டியால் குத்திச் சாய்த்தார்கள். நொட்டைக்காரி நிறத்தை மட்டும் வெளுப்பாக்கி அனுப்பினாள், கதவைத் திறந்துவிட்டார்கள். புரோகிராம் எழுதும் தம்பியைப் பிடித்துக் கேட்டால் தலையைச் சொறிகிறான். கொள்ளைக்காரனை அடையாளம் காணத் தனியாக எழுதச் சோம்பல்பட்டு, தோல் கறுப்பாக இருந்தால் குத்து என்று எழுதி வைத்திருக்கிறான். "அப்ப கறுப்பா வேற யாருமே இல்லையேக்கா" என்றான். பாவம், நிஜம்தான்.

சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும், வெளியீடு நெருங்கிவிட்டது என்று முதலாளி கையை விரித்தார். ஆனாலும் மூளைக்காரர். கறுத்த நிறங்களுக்குக் கீழே 'சவாலை விரும்புவோருக்கு: கடினமான ஆட்டம்' என்று ஒரு வரி போடச் சொன்னார். பிழைக்குப் பட்டம் கட்டியாயிற்று. இனி எல்லாம் சரி என்று நொட்டைக்காரி ஒப்புதல் கொடுத்தால்தான் ஆட்டம் வெளியே போகும். அவள் மாட்டேன் என்றாள். வேலை வேண்டுமா வேண்டாமா என்று குடும்ப நாள் முடிவதற்குள் யோசித்துச் சொல்லச் சொன்னார் அவர்.

குடும்ப நாளன்று முதலாளி பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து, தன் முகத்தையே வீரனுக்குப் போட்டுக்கொண்டார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இவருக்குத் தன் முகமே தெரியவில்லை. கோட்டை வாசலில் ஈட்டி பாய்ந்தது. பெண்டாட்டி பிள்ளைகள் பார்த்திருக்கக் குப்புற விழுந்தார். சிரிப்பை அடக்க எல்லோரும் படாத பாடு பட்டார்கள். புரோகிராம் எழுதும் தம்பியைக் கூப்பிட்டு, தன் மூஞ்சியைக் கொஞ்சம் வெளுப்பாக்கச் சொன்னார். அவன் எள் என்றால் எண்ணெயாக நிற்பவன். வெளுத்த முதலாளி கம்பீரமாக உள்ளே நுழைந்தார். கைதட்டலும் கிடைத்தது.

அடுத்து மகளின் முறை. அம்மா பார்த்துப் பார்த்துச் செய்த தன் முகத்தைப் பிள்ளை பார்த்தாள்.

"அங்கிள், எனக்கும் அதே மாதிரி வெளுப்பாக்கித் தாங்க."

நொட்டைக்காரி முதலாளியிடம் திரும்பினாள். "சார், அந்த முகத்துக்குக் கீழ நீங்க போடச் சொன்ன வரி இருக்கு. அதை அவளுக்கு நீங்களே படிச்சுக் காட்டுங்க" என்றாள்.

முதலாளி திரையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். காவல்காரனைச் சரிபண்ணித் தொலையுங்கடா என்று முனகிவிட்டு எழுந்து போனார்.

மாதக்கணக்கில் ஆகும் என்ற வேலை மறுநாள் சாயங்காலமே முடிந்தது. கறுத்த வீரர்கள் யாரானாலும் தாராளமாகக் கோட்டைக்குள் போகலாம். அவள் ஒப்புதல் கொடுத்தாள், வேலையும் தப்பியது.

வீட்டில் மகள் இப்போது ஓயாமல் ஆடுகிறாள், வெளுத்த முகத்தோடுதான். உன் முகத்தோடு போனாலும் இப்போது விடுவார்கள் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள்.

"தெரியும்மா. விடுறாங்க. ஆனா இவளுக்குத்தான் குனிஞ்சு வணக்கம் சொல்றாங்க."

அம்மா வாங்கி ஆடிப் பார்த்தாள். பிள்ளை சொன்னது சரிதான். இத்தனை நாளும் அது அவள் கண்ணில் படவே இல்லை.