பேப்பர் மழையில் ஒரு பச்சைக் கையெழுத்து

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிர்ச்சுவரில் புதிதாக ஒரு போஸ்டர். தொண்ணூறுகளில் வந்த படம் ஒன்றைத் துடைத்துப் பளபளப்பாக்கி மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுவருகிறார்களாம். கல்லூரி முடித்த நண்பர்கள் சிலர் வேலைக்கும் காதலுக்கும் தெருத்தெருவாக அலைகிற கதை. போஸ்டரில் கதாநாயகன் கக்கத்தில் ஒரு பைலை இடுக்கிக்கொண்டு வெயிலில் நடக்கிறான். அந்தப் பைலையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு பஸ்களைத் தவறவிட்டேன் என்றால் நம்புவீர்களா?

படம் எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள். அது முதன்முதலில் வெளியானபோது, முதல் நாள் மேட்னி ஷோவுக்கு, டிக்கெட் எடுத்து உள்ளே போய் உட்கார்ந்தும் கால்வாசிக்கு மேல் நான் பார்க்கவில்லை.

அப்போது நான் பாலக்கரையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தேன். அதற்கு முன் ஓட்டலில் மேசை துடைத்தேன், லாரியில் கிளீனராகப் போனேன், முசிறிப் பக்கம் செங்கல் சூளையில் ஒரு கோடை கழித்தேன். எட்டாம் வகுப்பில் பாதியில் வெளியே வந்தவனுக்கு இதெல்லாம் வரிசையாக வருவதுதான். ஜெராக்ஸ் கடை மற்றவற்றைவிட நல்ல வேலை. மாடிப்படிக்கு அடியில் படுத்துக்கொள்ள இடம் உண்டு. மெஷினிலிருந்து சூடாக வெளியே வரும் காகிதத்துக்கு ஒரு வாசனை உண்டு, லேசாகக் கருகின துணி மாதிரி. எனக்கு அது பிடிக்கும். மழைக்காலத்தில் அந்தக் காகிதக் கட்டைக் கன்னத்தில் வைத்துக்கொள்வேன்.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பட்டதாரிகள். எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும் சான்றிதழ்களின் நகலில் ஒரு கெஜட்டட் ஆபீசர் ‘அசலுடன் சரிபார்த்தேன்’ என்று பச்சை மையில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தித் தர வேண்டும். அப்படிப்பட்ட அதிகாரிகளைத் தேடிப் பிடிப்பதே தனிப் படிப்பு. அந்தப் படிப்பில் நான்தான் திருச்சியிலேயே முதல் மாணவன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். மலைக்கோட்டைப் பக்கம் இருந்த ஒரு தலைமையாசிரியரிடம் காலை டீக்குப் பிறகு போக வேண்டும், முன்னால் போனால் விரட்டிவிடுவார். விவசாய அதிகாரி ஒருவர் வெள்ளிக்கிழமை கையெழுத்தே போட மாட்டார், காரணம் அவருக்கும் தெரியாது. எம்.எஸ்ஸி. படித்தவர்களெல்லாம் என் சைக்கிளுக்குப் பின்னால் வரிசையாக வருவார்கள்.

அப்படி வந்தவன்தான் சேகர். பி.எஸ்ஸி. இயற்பியல். மூன்று வருடமாக விண்ணப்பம் போட்டுப் போட்டு எனக்கு நண்பனாகிவிட்டவன். ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் தெருவிலிருந்து டைப்பிங் கிளாஸுக்கு வரும் கல்பனாவுக்கும் அவனுக்கும் ஒரு இது. ‘ஒரு இது’ என்றுதான் அவனே சொல்வான். அதற்கு மேல் சொல்ல இருவருக்கும் வாய் வராது. வேலை கிடைத்தால்தான் வாயைத் திறப்பது என்று சேகர் முடிவு செய்திருந்தான். கல்பனா வீட்டிலோ மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

படம் வெளியான அன்றுதான் சேகர் தன் பைலை முழுசாகத் தயார் செய்திருந்தான். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, ஊருக்குள்ளேயே நேர்காணல். அசல் சான்றிதழ்கள் ஒரு பாலிதீன் உறையில், கையெழுத்து வாங்கிய நகல் மூன்று செட், நன்னடத்தைச் சான்று ஒன்று. “நல்ல நாளு, படத்துக்குப் போவோம்” என்று கல்பனாதான் சொன்னாள். பெண்கள் வரிசையில் நின்று மூவருக்கும் அவளே டிக்கெட் எடுத்தாள்.

டிக்கெட்டில் சீட் நம்பரெல்லாம் கிடையாது. கதவு திறந்ததும் ஓடிப்போய் இடம் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஓடுவதற்கு என்னைவிட்டால் யார்? “பைலைக் கொடு, நீ கல்பனாவைக் கூட்டிட்டு மெதுவா வா” என்று பிடுங்கிக்கொண்டு பாய்ந்தேன். ஒரு சீட்டில் கைக்குட்டை, ஒரு சீட்டில் நான். மூன்றாவது கல்பனாவுக்கு. அதில் என் செருப்பையா போட முடியும்? பைலைப் போட்டேன்.

ஆமாம். இரண்டு கையும் காலும் இருந்தும் பைலைப் போட்டேன். அந்தப் பலகை நாற்காலிகளில் சாய்மானத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி இருக்கும். பைல் வழுக்கிக்கொண்டு பின்வரிசைக்குப் போயிருக்கிறது. நானோ எழுந்து நின்று கையை ஆட்டிச் சேகரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பைலைச் சேகர் எடுத்துக்கொண்டான் என்று நான் நினைத்தேன். என்னிடம் இருக்கிறது என்று அவன் நினைத்தான். விளக்கு அணைந்தது.

கதாநாயகன் முகம் தெரிந்ததும் தியேட்டர் இடிந்து விழுவது போல ஒரு விசில். பின்வரிசையிலிருந்து பேப்பர் மழை. பத்திரிகைத் துண்டு, நோட்டீஸ் துண்டு, பஸ் டிக்கெட் எல்லாம் பறக்கின்றன. நானும் விசிலடித்தேன். கல்பனா தலையில் விழுந்த ஒரு துண்டைச் சிரித்துக்கொண்டே எடுத்துத் திரை வெளிச்சத்தில் பிடித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

“சேகர், இது பச்சைக் கையெழுத்து மாதிரி இருக்கே?”

பாதி முத்திரை, பாதிக் கையெழுத்து. அந்தத் தலைமையாசிரியருடையது. அதை எனக்குத் தூக்கத்தில் காட்டினாலும் தெரியும்.

நாற்காலிகளைத் தாண்டி எப்படிக் குதித்தேனோ! “அண்ணே, கிழிக்காதீங்கண்ணே! சர்டிபிகேட்டு!”

கிழித்துக்கொண்டிருந்த ரசிகர் கூட்டத்தின் தலைவர் மாதிரி தாடி வைத்த ஒருவர் திரும்பினார். “உன் பேப்பராய்யா இது? நம்ம பசங்கதான் கிழிக்கிறதுக்குக் கட்டு அனுப்பியிருக்கானுங்கன்னு நெனச்சேன்.”

“உள்ள ஒரிஜினல் இருந்துச்சுங்க…” என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

அவர் சட்டையைத் தூக்கினார். இடுப்பில் செருகியிருந்தது பாலிதீன் உறை. “நான் எம்.ஏ. எக்கனாமிக்ஸ்யா. அஞ்சு வருஷமா சும்மாதான் சுத்துறேன். ஒரிஜினல் எது, ஜெராக்ஸ் எதுன்னு எனக்குத் தெரியாதா? படம் முடிஞ்சதும் ஆபீஸ்ல கொடுத்துடலாம்னு வச்சிருந்தேன். இதப் பாக்குறதுக்குள்ள ஜெராக்ஸும் நன்னடத்தைச் சான்றும்தான் பூராவும் போயிருச்சு.”

அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வியர்வையும் பீடியும் கலந்த வாடை. பின்னாலேயே வந்த சேகர் தரையில் உட்கார்ந்துவிட்டான். கல்பனாதான் அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினாள்.

“பாதியில போறீங்களேம்மா, ஹீரோவுக்கு வேலை கிடைக்குதான்னு பாக்க வேணாமா?” என்று தாடிக்காரர் கேட்டார்.

“எங்க ஹீரோவுக்குக் கிடைக்குதான்னு நாளைக்குப் பாத்துக்கறோம்” என்றாள் கல்பனா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. பின்வரிசையில் இரண்டு பேர் அதற்கும் விசிலடித்தார்கள். மூன்று வருடமாக வராத வாய் தியேட்டரில் வந்துவிட்டது.

கடைக்கு ஓடினால் கரண்ட் இல்லை. ஐந்து மணிக்குத்தான் வந்தது. மூன்று செட்டும் புதிதாக ஒரு நன்னடத்தைப் பாரமும் எடுத்துக்கொண்டு இரண்டு சைக்கிளில் கிளம்பினோம். சேகர் சைக்கிளின் பின்னால் கல்பனா. “வீட்டுல ஏதாச்சும் சொல்லிக்கறேன், நீங்க ஒழுங்கா மிதிங்க” என்று அதட்டிக்கொண்டே வந்தாள். தலைமையாசிரியர் வீட்டில் பூட்டு. விவசாய அதிகாரியிடம் போகவே இல்லை, அன்றைக்கு வெள்ளிக்கிழமை. என் படிப்பெல்லாம் தீர்ந்துபோனது. மிச்சம் இருந்தது ஒரே பெயர்: அரசு டாக்டரம்மா ஒருவர், தில்லை நகரில் மாலையில் கிளினிக் வைத்திருந்தார். கடுமையானவர் என்று கேள்விப்பட்டு நான் அவரிடம் யாரையும் அழைத்துப் போனதே இல்லை.

இருமுகிற கூட்டத்துக்கு நடுவில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். “யாருக்கு உடம்பு சரியில்ல?” என்று கம்பவுண்டர் கேட்டார். “மூணு பேருக்குமே” என்றாள் கல்பனா.

டாக்டரம்மா ஒவ்வொரு நகலையும் அசலோடு வரிவரியாக ஒத்துப் பார்த்தார். பச்சைப் பேனாவால் கையெழுத்துப் போட்டார். கடைசித் தாளில் பேனா நின்றது. நன்னடத்தைச் சான்று. ‘இவரை நான் மூன்று ஆண்டுகளாக நன்கு அறிவேன்’ என்று எழுதித் தர வேண்டும்.

“இவரை நான் இன்னைக்குத்தான் பாக்குறேன். எப்படிங்க எழுதறது?”

சேகர் தலையைக் குனிந்துகொண்டான். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

“நீங்க யாரு?”

“ஜெராக்ஸ் கடையில வேலை பாக்குறேங்க.”

“என்ன படிச்சிருக்கீங்க?”

“எட்டாவதுங்க. அதுவும் முடிக்கல.”

“இவரை எத்தன வருஷமா தெரியும்?”

“மூணு வருஷமாங்க.”

“எப்படிப்பட்ட ஆளு?”

என்ன சொல்வது? நல்லவர், ஒழுக்கமானவர் என்றெல்லாம் எனக்குப் பேச வராது. “போன வருஷம் எனக்கு டைபாய்டு வந்துச்சுங்க. கடை மாடிப்படிக்குக் கீழ கெடந்தேன். ஒம்போது நாள் கஞ்சி கொண்டாந்தாரு. ஏழாம் நாள் இவருக்கு ஒரு பரீட்சை இருந்துச்சு, போகல. அத இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட சொன்னதில்ல. ஹால் டிக்கெட்ட நான்தான் பைல்ல பாத்தேன்.”

சேகர் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. டாக்டரம்மா அந்தத் தாளை மேலிருந்து கீழே மறுபடியும் படித்தார். “தெரிஞ்சவங்க சொல்லிக் கேட்டேன்னு எழுத இந்தப் பாரத்துல இடமில்ல” என்று தனக்குள் முணுமுணுத்தார். பிறகு எழுதினார். முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

வெளியே வந்து மூவரும் நடுத்தெருவில் நின்று கத்தினோம். ஒரு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனார்.

வேலை கிடைத்தது. வடக்கே ஒரு ஊருக்குப் போனான். அடுத்த வருடம் கல்பனாவும் போனாள், தாலி கட்டிக்கொண்டு. அந்தக் கல்யாணத்துக்கு நான் இல்லை. ஓசூரில் இருந்தேன், பிறகு புனே, பிறகு எங்கெங்கோ. இப்போது திரும்பிவந்து பார்க்கிறேன். ஜெராக்ஸ் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். தியேட்டர் துணிக்கடையாகிவிட்டது. தில்லை நகரில் அந்தக் கிளினிக்கை இரண்டு முறை தேடினேன். வரிசையாக ஸ்கேன் சென்டர்கள், எது என்றே அடையாளம் தெரியவில்லை.

நகல்களில் இப்போது அவரவரே கையெழுத்துப் போட்டுக்கொள்கிறார்களாம். நல்லதுதான், எவ்வளவு அலைச்சல் மிச்சம். ஆனால் எட்டாவதுகூட முடிக்காத ஒருவனின் பேச்சை நம்பி, முன்பின் தெரியாத ஒருவனை ‘நன்கு அறிவேன்’ என்று பச்சை மையில் எழுதிக் கொடுத்த அந்த மேசை மட்டும் எங்கே போனதோ தெரியவில்லை. “எப்படிப்பட்ட ஆளு?” என்று அதற்குப் பிறகு யாரும் யாரைப் பற்றியும் என்னிடம் கேட்டதில்லை.