எதிர் வீட்டுத் தமிழ்ச்செல்வி அக்காவும் என் வயிற்றெரிச்சலும்

தமிழ்ச்செல்வி அக்கா இறந்துவிட்டார் என்று என் கணவர் போனை வைத்துவிட்டுச் சொன்னபோது, நான் மாடி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எதிரே, கீழே, அவருடைய தோட்டம். காலையில் அவர் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போன ஈரம் இன்னும் காயவில்லை. மருத்துவமனையில் வேலையில் இருந்தபோதே தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாராம். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது.

வாசலில் கூட்டம் கூடியபோது யாரோ ஒருவர், “இவ்ளோ ஓடி, நீந்தி என்ன பிரயோஜனம்?” என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆறு வருடமாக அதே கேள்வியை மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். அதை இன்னொருவர் வாயால் கேட்கப் பொறுக்கவில்லை.

குடியிருப்போர் சங்க மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்றார்கள். எதிர் வீடு, நன்றாகத் தெரிந்திருக்குமாம். உண்மைதான். ஒருவரைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குத் தெரியாதது என்ன இருக்கப்போகிறது?

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்காவுக்கு ஊர் நெல்லிக்குப்பம். அப்பா சர்க்கரை ஆலைத் தொழிலாளி. அக்கா நமது டவுன்ஷிப் மருத்துவமனையில் நர்ஸ். கணவர் மாணிக்கம் அண்ணன் குறிஞ்சிப்பாடிக்காரர், கான்ட்ராக்டில் எலக்ட்ரீஷியன். நம் ஊரில் ஒருவரைப் பார்த்தால் பெயருக்கு முன்னால் பர்மனென்டா, கான்ட்ராக்டா என்றுதான் கேட்போம். மனைவி பர்மனென்ட், கணவர் கான்ட்ராக்ட், கம்பெனி குவார்ட்டர்ஸ் மனைவி பெயரில். இதைப் பற்றி மட்டமாகப் பேசிய பெண்களில் நானும் ஒருத்தி. என் கணவர் பர்மனென்ட். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு வெகு நாள் நிம்மதியாக இருந்தேன்.

தானே புயல் வந்து எல்லாவற்றையும் சாய்த்தது. அவர்கள் வீட்டில் ஒரு மாமரமும் இரண்டு பலா மரங்களும் விழுந்தன. மற்றவர்கள் ஆள் வைத்து வெட்டி அள்ளிப் போட்டதோடு சரி. நாளைக்கு ஓய்வு பெற்றதும் சாவியைத் திருப்பிக் கொடுக்கப்போகிற வீட்டுக்கு ஒரு துளசியும் கறிவேப்பிலையும் போதாதா? இவர்கள் இருவரும் மட்டும் அடிவேரோடு கட்டைகளைத் தோண்டி எடுத்தார்கள். மழைத் தண்ணீர் சாக்கடைக்கு ஓடாதபடி மண்ணைப் படிப்படியாக வெட்டினார்கள். செங்கல் பதித்த நடைபாதை, புல்தரை, முல்லைக்கு மூங்கில் பந்தல் என்று ஒவ்வொன்றாக வந்தது. “கம்பெனி வூட்டுக்கு எதுக்குக்கா இவ்ளோ பாடு?” என்று கேட்டேன்.

“இருக்கிற வரைக்கும் நம்ம வூடுதானே கோமதி” என்றார்.

அது போதாதென்று, தோட்ட வேலை தொடங்கிய அதே வருடம் ட்ரையத்லான் வேறு. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நடுவில் நிற்காமல் அடுத்தடுத்துச் செய்கிற போட்டி அது. மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர் போனில் காட்டியிருக்கிறார். மாணிக்கம் அண்ணன் கிணற்றில் குதித்து வளர்ந்தவர். அக்காவுக்கு நீச்சலே தெரியாது. ஐம்பது வயதைத் தாண்டியபின் நீச்சல் குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கால் உதைக்கக் கற்றார். பார்த்துவிட்டு வந்த பெண்கள் சிரித்தார்கள். நான் சிரித்தது அவர்களைவிட ஒரு பிடி அதிகம்.

அவருக்கு மாறிமாறி ஷிப்ட். அண்ணனுக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்றே தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்திருக்கிற நேரத்தில் நீச்சலும் சைக்கிளும் ஓட்டமும். மண் வேலைக்கு மட்டும் வேறு ஏற்பாடு. ஒருவர் பாதிக் குழி தோண்டிவிட்டு மண்வெட்டியை அதிலேயே நட்டு வைத்துவிட்டு டியூட்டிக்குப் போவார். மற்றவர் வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். சொல்ல வேண்டியதை எழுத, தோட்டத்துக் குழாயடியில் ஒரு சிலேட்டு தொங்கும்.

அந்தச் சிலேட்டைப் படிப்பதற்காகவே நான் கறிவேப்பிலை கேட்டுப் போயிருக்கிறேன். வெட்கம்தான், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு நாள் அண்ணன் எழுதியிருந்தார்: “செங்கல் நனைச்சாச்சு. முட்டி வலிக்குது. சாயந்திரம் ஓட்டம் வேணாம்.” கீழே அக்காவின் கையெழுத்தில் ஒரே சொல்: “வேணும்.”

கறிவேப்பிலையோடு வீட்டுக்கு வந்தேன். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். “கேஸ் புக் பண்ணு” என்பதைத் தவிர என் கணவர் எனக்கு ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று யோசித்தேன். அன்றைக்கு ரசத்தில் உப்பு அதிகமாகிவிட்டது.

ஒரு தடவை போட்டிக்கு முந்தின நாள் பார்த்து டிராக்டரில் ஏரி மண் வந்து இறங்கியது. வானம் கறுத்துக்கொண்டு நின்றது. மழை பெய்தால் மண் கரைந்து போய்விடும் என்று இரண்டு பேரும் பொழுது சாயும்வரை கூடை கூடையாகச் சுமந்தார்கள். மழை வரவே இல்லை. மறுநாள் போட்டியில் இருவருக்கும் கால் பிடித்துக்கொண்டு, கடைசி ஆட்களோடு வந்து சேர்ந்தார்களாம். “அடப் பாவமே” என்றேன். உள்ளுக்குள் எனக்குத் தீபாவளி. ஆனால் அவர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். தோற்றதைக்கூடச் சேர்ந்து சிரிக்கிறவர்களை என்ன செய்வது?

பிறகு புதுச்சேரிப் பக்கம் ஒரு போட்டி. எங்கள் காரிலேயே போனோம். நான் முடிவுக் கோட்டருகே நின்றேன். அண்ணன் முதலில் வந்தார். கோட்டுக்குப் பத்தடி முன்னால் நின்று திரும்பிப் பார்த்தார். சற்றுப் பொறுத்து அக்கா வந்தார், மூச்சு வாங்க, முகம் சிவக்க.

“எதுக்கு நின்னுகினு இருக்கீங்க? நான் என்ன கடைசி பஸ்ஸா? போங்க!”

“சரி சரி, கத்தாத” என்று அண்ணன் ஓடினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் கணவர் காரில் தூங்கிக்கொண்டிருந்தார். திரும்பி வருகிற வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை. காரணம் கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை.

அதற்கு அடுத்த மாதம்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அக்கா ஓய்வு பெற்றுக் காலி செய்ததும் அந்த வீடு எங்களுக்கு வேண்டும் என்று, என் கணவரை விட்டு வீடு மாற்ற விண்ணப்பம் போட வைத்தேன். அவருடைய சீனியாரிட்டிக்குக் கட்டாயம் கிடைக்கும். ஒரு மனுஷி உள்ளே குடியிருக்கும்போதே அவர் வீட்டுக்கு வரிசையில் நின்றேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

நம் ஊரில் எது ரகசியமாக இருந்திருக்கிறது? ஒரு வாரத்தில் அக்கா வேலியருகே என்னைக் கூப்பிட்டார். கையெல்லாம் மண்.

“கோமதி, இந்த வூட்டுக்கு எழுதிப் போட்டிருக்கியாமே?”

அவர் சிரித்தார். “நல்லதாப் போச்சு. தெரியாத ஆளு வரதுக்கு நீ வந்தா தேவல. இந்த நாரத்தங்கன்ன எந்தப் பக்கம் வெக்கலாம், சொல்லு. பின்னாடி என்னைத் திட்டப்போறது நீதானே?”

சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வேண்டுமென்றே, வெயில் படாத மூலையைக் காட்டினேன். அவர் அங்கேயே நின்று யோசித்தார். “அங்க வெச்சா காய்க்காதே கோமதி. உனக்குத்தான் நஷ்டம்” என்று சொல்லி, கிழக்குப் பக்கம் குழி எடுத்தார். “ஞாயித்துக்கிழமை நீயும் சாரும் வாங்க. ரெண்டு பேரா நாலு கூடை மண்ணு அள்ளிப் போட்டாத்தான் தோட்டம் ஒங்களோடதாகும்” என்றார். வீட்டில் சொன்னேன். “வூடு கைக்கு வரட்டும், ஆள் வெச்சுக்கலாம்” என்றார் என் கணவர். அந்த ஞாயிறும் போகவில்லை, அடுத்து வந்த எந்த ஞாயிறும் போகவில்லை.

முப்பதாம் நாள் காரியம் முடிந்து சில வாரங்களில் வீடு எங்களுக்கு ஒதுக்கப்பட்ட கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மாணிக்கம் அண்ணனிடம் போனேன். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம் என்றேன்.

“அப்படிச் செய்யாதம்மா. நான் கான்ட்ராக்டு, எனக்கு இங்க இருக்க வழியில்ல. வேற யாராச்சும் வந்தா சிமெண்ட்டப் போட்டு காரை நிறுத்துவாங்க. அவ ஒனக்குன்னு நெனச்சிகினுதான் இந்த ஒரு வருஷமா செடி வெச்சா.”

நான் அழுதேன். அந்த அழுகையிலும் பாதி பொறாமை. கொடுப்பதில்கூட அக்காவைத் தாண்ட முடியவில்லையே என்று.

அண்ணன் குறிஞ்சிப்பாடிக்குக் கிளம்பிய அன்று காலை, சாமான்களை வண்டியில் ஏற்றினார்கள். தம்முடைய சைக்கிளையும் ஏற்றச் சொன்னார். அக்காவின் சைக்கிளை மட்டும் யாரையும் தொட விடவில்லை. சீட்டை உயர்த்திக்கொள்ளாமல், அக்கா வைத்திருந்த உயரத்திலேயே ஏறி உட்கார்ந்தார். அவருக்கு முழங்கால் கைப்பிடியில் இடித்தது. அப்படியே மிதித்துக்கொண்டு, எங்கள் அகலமான தெருவின் கடைசிவரை போய், குறிஞ்சிப்பாடிச் சாலையில் திரும்பினார். எனக்குப் பின்னால் என் கணவர், “நாளைக்கே பெயின்ட் அடிக்க ஆள் சொல்லிடலாமா?” என்று கேட்டார்.

தமிழ்ச்செல்வி அக்கா, வீடு எனக்குக் கிடைத்துவிட்டது. முல்லை பூத்திருக்கிறது, நாரத்தை துளிர்விட்டிருக்கிறது. இத்தனை வருடம் நான் வயிறெரிந்தது இதற்காக இல்லை என்பது, கேட்டைத் திறந்து தனியாக உள்ளே நுழைந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. போய் வாருங்கள் அக்கா. உங்களைப் பார்த்து எனக்கு இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது.