குலவை போட்ட வேலை

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்று வளர்த்தது நான்கு. மூன்று பெண், கடைசி ஆண். எழுத்துக்கூட்டி என் பெயரை எழுதுவேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். போன வாரம்தான் அருப்புக்கோட்டையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். "சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிட்டா நாலே நாள்ல செட்டாயிரலாம் அம்மாச்சி" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. எடு நோட்டை, எழுது என்றேன்.

என் வீட்டுக்காரர் இறந்த மறு வருஷம் மழையும் பொய்த்தது. டவுனில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தேன். நான்கு பிள்ளைகளின் கஞ்சி அந்த வேலையில்தான் இருந்தது. அங்கே இருபது வருஷமாக இருந்த மூத்த ஆயாதான் வேலை பழக்கினார். கைகாரி, குறை சொல்ல முடியாது. மூன்றாம் நாளே வெந்நீர், துணி, வார்டு எல்லாம் எனக்குப் பழகிவிட்டன. "பரவால்லையே, வந்ததும் ஒட்டிக்கிட்டயே" என்று மெச்சினார்.

அங்கே ஒரு வழக்கம். ஆண் பிள்ளை பிறந்தால் மூத்த ஆயா துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வாசல் வேப்பமரத்தடிக்குப் போவார். காத்திருக்கும் பெண்கள் குலவை போட்டு எல்லார் வாயிலும் சீனி போடுவார்கள். ஆயாவுக்குச் சேலைகூடக் கிடைக்கும். பெண் பிள்ளை என்றால் சேதி சொல்லப் போகிறவள் புதிதாக வந்தவள். பிள்ளையைத் தூக்கிப் போகக் கூடாது. காதோடு சொல்லிவிட்டு, ஏச்சு விழுமுன் திரும்பிவிட வேண்டும். "எழவு சொல்ற மாதிரி சொல்லிட்டு வந்துரு. நானும் அப்படித்தான் இங்க காலூன்றினேன்" என்றார்.

நானும் போனேன். திருச்சுழிப் பக்கத்துக்காரி, தலைப்பிரசவம், பெண் பிள்ளை. அவள் மாமியாரிடம் குனிந்து முணுமுணுத்தேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "உன் முகராசி அப்படி" என்று சொல்லி, கொண்டுவந்த தூக்குச்சட்டியோடு பஸ் ஏறப் போய்விட்டாள். உள்ளே வந்தால் பிள்ளை பெற்றவள் தலையைத் தூக்கி, "அத்தை பாப்பாவப் பாக்க வாராகளாக்கா?" என்று கேட்டாள். "சாப்பிடப் போயிருக்காக" என்றேன். பொழுது சாயும்வரை அவள் வாசலையே பார்த்துக் கிடந்தாள். மூன்று பெண்ணைப் பெற்ற நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். நல்ல வேலைக்காரி என்று அன்றைக்குத்தான் பேர் வாங்கினேன். தூ, என்ன பேர் அது!

அடுத்த பெண் பிள்ளையைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துப் போனேன். வேப்பமரத்தடியில் நின்று அடிவயிற்றிலிருந்து குலவை போட்டேன். ஆண் பிள்ளை என்று எல்லாரும் ஓடிவந்தார்கள். "பொண்ணு பிறந்திருக்கா, நல்லாப் பாருங்க!" என்றேன்.

"பொட்டப் புள்ளைக்கு என்னடி குலவை, கிறுக்கச்சி!" என்று ஒரு கிழவி சீறினாள்.

"உங்களப் பெத்தப்பவும் இப்படித்தான் மூஞ்சியத் திருப்புனாகளா ஆத்தா?" என்றேன். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

"வேலையில நிலைக்கணுமா வேணாமா?" என்று மூத்த ஆயா பிடித்துக்கொண்டார்.

"நிலைக்கணும். ஆனா முணுமுணுக்க மாட்டேன்."

மறுநாளே துணி துவைக்கிற தொட்டிக்குத் தள்ளினார்கள். இரண்டு மாதம் ரத்தத்துணி அலசினேன். சலவைச் சோடா விரலிடுக்கைத் தின்றது. போகச் சொன்னால் சொல்லட்டும், நானாகப் போவதில்லை என்று நின்றேன்.

ஒரு நாள் மூத்த ஆயாவே தொட்டியடிக்கு வந்தார். உள்ளே ஒரு பெண் பிள்ளை பிறந்திருந்தது. அதன் தகப்பன், "எங்க அக்காவுக்கு மக பிறந்தப்பக் குலவை போட்டவுக எங்க? அவுகதான் வந்து சொல்லணும்" என்று வாசலில் நிற்கிறானாம். "போ, உன்னத்தான் கேக்காக" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனேன். அப்புறம் யாரும் என்னைத் தொட்டிக்கு அனுப்பவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தேன்.

இப்போது போனில் சேதி வருகிறது. பெண் என்றால், "பரவால்ல, அடுத்தது பாத்துக்கலாம்" என்று இன்றைக்கும் தேற்றுகிறார்கள். என்ன கேடு வந்தது, தேற்றுவதற்கு?

பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள். பேனாவை வை, ஆத்தா. எழுதியதை முதலிலிருந்து வாசி. நான் பொய் சொன்ன இடத்தையும் விடாமல், தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசி.