நாய்க்குப் போட்ட பற்று

என் மருமகள் தாய்வீட்டிலிருந்து பீரோவோடு ஒரு செம்பட்டை நாயையும் கொண்டுவந்தாள். எங்கள் லிங்கராஜபுரத்து வீட்டில் எனக்குப் பிடிக்காத ஜீவன்கள் அப்போது இரண்டு. நாய் ஒன்று. இன்னொன்றைச் சொல்லத் தேவையில்லை.

தொண்ணூற்றேழோ எட்டோ இருக்கும். மகன் பீன்யா கம்பெனிக்குப் போனபிறகு, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த குளவிக் கூட்டில் நாய் மூக்கை நுழைத்துவிட்டது. படியிறங்கி வருவதற்குள் உதடு தொங்கிப்போயிற்று. கொஞ்ச நேரத்தில் கண் இரண்டும் மூடி, மூஞ்சி பன் மாதிரி உப்பிவிட்டது.

"அத்தை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடலாம். மூச்சு கரகரங்குது பாருங்க."

"நாலு பிள்ளைக்கு வீக்கம் வத்த வெச்சவ நான். நாய்க்கு ஆட்டோவாம்!"

"உங்க கைவைத்தியம் அப்புறம் அத்தை. நான் ஆட்டோ பாத்துட்டு வரேன்."

என் பேச்சை மீறி அவள் வாசலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. திரும்பி வருவதற்குள் வீக்கத்தை வற்றவைத்துக் காட்டவேண்டும் என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துச் சுடவைத்து, மூஞ்சி முழுக்கப் பற்றுப் போட்டேன். அது நக்கி நக்கி எடுத்தது. பழைய புடவையில் ஒரு துண்டு கிழித்து வாயை இறுக்கிக் கட்டினேன். மூக்கு ஏற்கெனவே அடைத்திருந்தது, வாயால்தான் மூச்சு விடுகிறது என்பது தெரியாமல் இல்லை. பற்று காயும்வரைக்கும்தானே என்று நினைத்தேன். காலை உதறியது. முட்டியால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பற்று காய்ந்தது. காலும் அடங்கிவிட்டது.

"மூணு ஆட்டோக்காரன் 'நாயா? பேடம்மா, வேண்டாம்மா'ன்னு கன்னடமும் தமிழுமா சொல்லிட்டுப் போயிட்டான் அத்தை, நாலாவது ஆள்தான்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் குனிந்தாள். கட்டை அவிழ்த்தாள். வாய்க்குள் விரலை விட்டு நாக்கை இழுத்துப் பார்த்தாள். வெளியே போய் ஆட்டோவை அனுப்பிவிட்டு வந்தாள்.

சாயங்காலம் சாப்பிடும்போது நாய் செத்ததைப் பற்றி மகன் கேட்டான்.

"டாக்டர்கிட்ட போகலியாம்மா?"

"உன் பொண்டாட்டிய கேளு. ஆட்டோ பிடிக்கப் போனவ ஆடி அசைஞ்சு வந்தா. அதுக்குள்ள போயிடுச்சு."

"நாய் சாகக் கெடக்குது, தெருவுல உனக்கென்னடி வேடிக்கை?" என்று அவன் அவள்மேல் பாய்ந்தான்.

அவள் வாயைத் திறப்பாள் என்று காத்திருந்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க, லேட்டாயிடுச்சு" என்றாள், என் முகத்தைப் பார்த்தபடியே.

நான் மறுசோறு கேட்டேன். போட்டாள்.