மூன்றாம் பாகத்தில் அகப்பட்டவள்

இங்கிலாந்தின் நார்விச் ஊரில் ஹெஸ்டர் தாரண்டின் நாவல் நுழையாத வீடு குறைவு. துணிக்கடைக்காரர் மகள் அவள். பாதிரியார் ஆக்டேவியஸைக் கட்டிக்கொண்ட சில வருஷத்தில் அவருக்குக் குரல் போய்விட்டது; பிரசங்கமும் நின்றது. குடும்பத்துக்காக அன்றைக்கு எழுத உட்கார்ந்தவள்தான், பதினான்கு நாவல் ஆகியும் எழுந்திருக்க முடியவில்லை. அட்டையில் அவள் பெயர்கூடக் கிடையாது, ‘ஒரு சீமாட்டி’ என்றுதான் போட்டிருக்கும்.

அவள் கதைகளில் வீட்டைவிட்டுப் போன பெண்கள் ஒன்று அழுதுகொண்டே திரும்பினார்கள், இல்லையென்றால் செத்தார்கள். பதினைந்தாவதில் மட்டும் லவினியா என்பவளைக் குடிகாரக் கணவனிடமிருந்து ரயிலேற்றி, கடலோர ஊரில் தொப்பிக்கடை வைத்துக் கொடுத்து, சிரிக்கவும் வைத்துவிட்டாள். இரண்டு பாகத்தில் கதை முடிந்தது. இந்த ஒருத்தியாவது தப்பட்டும் என்று ஹெஸ்டருக்கு ஆசை.

பதிப்பாளர் ஸ்கெரட் தேநீருக்கு வந்தார்.

“மூணு பாகம் இல்லாம வாடகை நூலகத்துல எடுக்க மாட்டாங்கன்னு தெரியாதா மேடம்? அதுவாவது போகட்டும். ஓடிப்போனவ சந்தோஷமா இருக்கான்னு போட்டா, நாளைக்கு ஸ்டேஷன்ல பொம்பளைங்க வரிசைகட்டி நிப்பாங்களே!”

“நிக்கட்டுமே, மிஸ்டர் ஸ்கெரட். ரயிலு வேற எதுக்கு விட்டிருக்காங்க?”

“விளையாடாதீங்க. கொன்னுடுங்க. காய்ச்சல் மட்டும் வேண்டாம், போன புத்தகத்துலயே ரெண்டு பேருக்கு வந்தாச்சு. பக்கத்துலயே கடல் இருக்கு, வசதிதானே?”

மாடியில் கைமணி அடித்தது. ஆக்டேவியஸுக்குத் தலையணை சரியில்லை. கீழே நடந்த பேச்சு அவர் காதிலும் விழுந்திருந்தது. அவள் போய்ச் சரிசெய்தபோது கரகரத்த குரலில் கேட்டார்: “அவர் சொல்றபடி எழுதிக் கொடேன், ஹெஸ்டர். கதையில வர்ற பொம்பளைதானே, அவளுக்கு வலிக்கவா போகுது?”

அவள் கீழே இறங்கி வந்தாள். “கொல்ல மாட்டேன். வேணும்னா வீட்டுக்குத் திரும்பி வரட்டும்.”

உயிரோடு இருந்தால் இன்னொரு நாள் கிளம்பலாம் என்பது அவள் கணக்கு.

ஆனால் மூன்றாம் பாகத்தை நிரப்பியாக வேண்டும். வந்தவளை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது? கணவன் திருந்தினான். பிள்ளை பிறந்தது, ஞானஸ்நானத்துக்கு ஓர் அத்தியாயம் போனது. பக்கம் போதவில்லை, இன்னொன்று பிறந்தது. அப்புறம் இரட்டைப் பிள்ளைகள். கடைசிப் பிள்ளைக்கு அம்மை போட்டு, லவினியா கட்டிலோரம் கண்விழித்து உட்கார்ந்தபோதுதான் பாகம் நிறைந்தது. நாலு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இனி அவள் எங்கே கிளம்புவாள்? கதவைச் சாத்தியது ஹெஸ்டரின் கைதான்.

அவள் நாவல்களிலேயே அதிகமாக வாடகைக்குப் போனது அதுதான். அதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்றார் ஸ்கெரட்.